வேகம் போச்சு... வேன் வந்தாச்சு!

ஸ்போர்ட்ஸ் காருக்கும் எங்கள் பாண்டிச்சேரிக்கும் ஒரு விநோதமான உறவு உண்டு. நம்பர் பிளேட் எங்க ஊருடையது. கார் மட்டும் வேறு ஊரில் ஓடும்! சாலை வரி இங்கே ரொம்பக் குறைவு என்பதால் அக்கம்பக்கத்து மாநிலத்துப் பெரிய மனுஷர்கள் எல்லாம் இங்கே ஒரு விலாசம் 'ஏற்பாடு' பண்ணி, தங்கள் விலையுயர்ந்த கார்களுக்கு 'பி.ஒய்.' என்று இனிஷியல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். 2017-ல் இந்தச் சமாசாரம் கேரளாவில் பெரிய பஞ்சாயத்தாகி, வழக்கு வரைக்கும் போனது. அந்தக் கார்களில் ஒன்றையாவது எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் பார்த்திருப்பேனா? ம்ஹூம்! கல்யாணப் பத்திரிகை மட்டும் நம் வீட்டு அட்ரஸில் அடித்துவிட்டு, சாப்பாட்டை வேறு ஊரில் போட்ட கதைதான்.

ஆகவே மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்கும் நம்மைப் போன்ற கோஷ்டிக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது நாலு சக்கரத்தில் இல்லை ஸார், ரெண்டே சக்கரத்தில் இருந்தது. பெயர்: ஆர்.எக்ஸ். 100.

1985 நவம்பரில் வந்து 1996 மார்ச்சில் நின்றுபோன வண்டி. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி. எடை வெறும் 103 கிலோ. இதைக் கேட்டு இந்தக் காலத்துப் பையன்கள் "இவ்வளவுதானா?" என்று சிரிப்பார்கள். ஒரு தடவை உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்தால் சிரிப்பு பின்னாடியே தங்கிவிடும். ஆள் மட்டும் முன்னாடி போய்விடுவார். எனக்குத் தெரிந்து சிக்னல் விழுந்ததும் புல்லட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒரே நூறு சி.சி. வண்டி அதுதான்.

என்னுடையது 1994 மாடல். 'என்னுடையது' என்று சொல்வதுகூடப் பாதிப் பொய். ஒரிஜினல் ஓனர் என் சித்தப்பா. எங்க ஊரில் குடும்பத்துக்கு ஒருத்தராவது பிரான்ஸில் இருப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தின் கோட்டாவை 2006-ல் சித்தப்பா நிரப்பினார். சித்தி, இரண்டு பிள்ளைகள், எட்டுப் பெட்டி சகிதம் ப்ளேன் ஏறுவதற்கு முன்னால், பி.காம். முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் வைத்தார். "டேய்... ஆயில் டாங்க்கைக் காய விட்டுடாதே. என்னை மறந்தாலும் பரவாயில்லை, டூ-டி ஆயிலை மறக்காதே" என்றார். கண்ணில் தண்ணீர். எங்களைப் பிரிகிற துக்கம் என்று அம்மா நினைத்துக்கொண்டார். எனக்குத்தான் தெரியும், அது எந்தப் பிரிவுத் துயரம் என்று!

அந்த வண்டியோடு நான் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே... லாஸ்பேட்டைக் கல்லூரிக்குப் போக எனக்கு ஏழு நிமிஷம். அதே தூரத்துக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு முக்கால் மணி. கோரிமேட்டு ஏற்றத்தில் கியர் குறைக்காமல் ஏறுவது ஒரு பரமானந்தம். ஞாயிற்றுக்கிழமை காலை ஈ.சி.ஆரில் காலாப்பட்டு வரைக்கும் ஒரு ஓட்டம், திரும்பி வந்து ஒரு டீ. அந்த டீக்கு இருந்த ருசி, அப்புறம் நான் குடித்த எந்த டீக்கும் இல்லை. வேலைக்கான முதல் இன்டர்வியூவுக்கு அதில்தான் போனேன். பெண் பார்க்கவும் அதில்தான் போனேன். (அம்மாவும் மற்றவர்களும் வாடகைக் காரில் பின்னால் வந்தார்கள். நான் போய்ச் சேர்ந்து இருபது நிமிஷம் தனியாக வாசலில் நின்று முழித்தது வேறு விஷயம்!)

2014-ல் கல்யாணம். பின்ஸீட்டுக்கு ஆள் வந்தாச்சு. "என்னங்க, கொஞ்சம் மெதுவா..." என்கிற ஸ்பீடு கவர்னரும் கூடவே வந்தாச்சு. பரவாயில்லை, வண்டி ரெண்டு பேருக்கானதுதானே?

2018-ல் மகள். பெட்ரோல் டாங்க் மேல் துண்டு மடித்துப் போட்டு அவளுக்கு ஒரு ஸீட். 2022-ல் மகன். அவனுக்கு எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சான்ட்விச் ஸீட். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு, டூவீலரில் ஓட்டுகிறவர் தவிர ஒருத்தருக்குத்தான் அனுமதி என்கிறது. அஜந்தா சிக்னலில் போலீஸ்காரரைப் பார்த்தால் என் மகள் தானாகவே குனிந்துகொள்வாள். ஏழு வயசுக்குள் குழந்தைக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் ஒழுக்கம் அது! வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அப்போது சிரித்தேன்.

இத்தனை பேரை ஏற்றிய கணக்கில் ஒருத்தர் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நானும் கவனிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் எங்க ஊர்ப் பக்கம்தான் கரை கடப்பேன் என்று அடம்பிடித்து வந்தது. வந்ததோடு சரி, நகரவே இல்லை. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். ஜனங்களை மீட்க ராணுவமே வந்தது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவோடு தப்பித்தோம். கரண்ட் இல்லை.

மறுநாள், டிசம்பர் 1 சாயங்காலம், சின்னவனுக்குக் காய்ச்சல். ராத்திரி எட்டு மணிக்கு இளைப்பும் சேர்ந்துகொண்டது. விலா எலும்பு உள்ளே போய் வெளியே வருவது மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரிந்தது. ஆட்டோ எதுவும் வரவில்லை. போன் பாதி நேரம் கிடைக்கவில்லை.

வண்டியை வெளியே தள்ளினேன். அத்தனை மழையிலும், ஒரே உதை... ஸ்டார்ட்! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. 'பார்த்தீங்களா என் சிங்கத்தை!' என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். தோளில் குழந்தை. மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட். பக்கத்தில் பெரியவள், தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்று அவள் புடைவையைப் பிடித்துக்கொண்டு. பின்னால் அம்மா, ஒரு பையில் துணியும் ஃப்ளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"எப்படிங்க உக்கார்றது?"

வண்டியில் ஒரு குறையும் இல்லை ஸார். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்தான் பத்து வருஷமாக என் வேலையைச் செய்யவில்லை.

அதற்குள் எதிர்வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். அவரிடம் ஒரு பழைய ஓம்னி வேன் உண்டு. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் பிறந்து, அப்புறம் ஓம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன அதே வண்டி. அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'பிரெட் பாக்கெட்'. தெருவில் அவர் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் என் வண்டியை 'விர்ர்ர்' என்று உறுமவிட்டு அவரைக் கலாய்த்திருக்கிறேன். மனுஷர் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. "ஏம்ப்பா, குழந்தையை வெச்சுக்கிட்டு நிக்கிறியே. ஏறுங்க எல்லாரும்" என்று கதவை இழுத்துவிட்டார். ஐந்து பேரும் ஏறினோம். இன்னும் இடம் இருந்தது! முப்பது கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அந்த பிரெட் பாக்கெட் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. நெபுலைசர் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் பையன் மூச்சு சீராகி, பிஸ்கெட் கேட்டான்.

திரும்பி வரும்போது நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். ஆனால் தீர்மானம் பண்ணுவது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு. நடுவே ஒன்றரை மாசம் ஓடியது. நான் பி.காம். ஆயிற்றே? கணக்குப் போட்டு மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன்.

முதல் கணக்கு, தேய்மானம். வருஷத்துக்கு 15 சதவிகிதம் என்று குறைத்துக்கொண்டே வந்தால், நூறு ரூபாய் பெறுமானமுள்ள வண்டி 30 வருஷத்தில் 76 பைசா ஆகிவிட வேண்டும். அதாவது என் வண்டிக்கு இன்றைய மதிப்பு, வாங்கின விலையில் ஒரு சதவிகிதம்கூட இல்லை. கார் வாங்கப் போன இடத்தில் எக்ஸ்சேஞ்ச் பார்த்த இளைஞரும் இதே காலேஜில் படித்திருப்பார் போலிருக்கிறது. வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்து, "ஆறாயிரம் போட்டுக்கலாம் ஸார்" என்றார். பதில் சொல்லாமல் கிளம்பி நேராக மெக்கானிக் பாயிடம் போனேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! "ஆறாயிரமா? சைலன்ஸருக்கே அதைவிட ஜாஸ்தி தருவானுங்க! புதுசா வர்றதே இல்லை, அதான் விலை. நான் ஆள் அனுப்பறேன், பேசாம இருங்க" என்றார். நாங்கள் படித்த அக்கௌன்டன்ஸி புஸ்தகத்தில் 'மனசு' என்கிற அயிட்டத்துக்குத் தேய்மானம் போடுவது எப்படி என்று ஒரு சாப்டர் இல்லாததுதான் குறை.

இரண்டாவது கணக்கு, செலவு. ஆர்.சி. புதுப்பிக்க முன்னே 300 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 1,000 ஆனது. அது போகட்டும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் புதுப் பெட்ரோல் உள்ளே வரும்போதே கொஞ்சம் எரியாமல் சைலன்ஸர் வழியாக வெளியே ஓடிவிடும். வாங்கின பாலில் கொஞ்சத்தை வாசலிலேயே கொட்டிவிட்டு உள்ளே வருகிற மாதிரி. புகை நீலமாக வருவது ஆயிலும் சேர்ந்து எரிவதால். நான் ரசித்து ரசித்து முகர்ந்த அந்த வாசனைதான், 1996-ல் புது மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது அந்த இனத்துக்கே எமனாக வந்தது. இளைப்பு வந்த பிள்ளையை அந்தப் புகைக்கு ஓரடி முன்னால் உட்கார வைத்து அழைத்துப்போயிருக்கிறேன். கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது.

மூன்றாவது கணக்குதான் என்னை ஒரேயடியாகக் கவிழ்த்தது. நான் பார்த்து வைத்திருந்தது செகண்ட் ஹேண்ட் ஈக்கோ வேன். சுமார் 73 குதிரைசக்தி, எடை ஏறக்குறைய 920 கிலோ. ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ சுமை என்று வகுத்தேன். ஆர்.எக்ஸ்.: 9.4 கிலோ. ஈக்கோ: 12.6 கிலோ. 'ஹா! பார்த்தியா!' என்று தொடையில் தட்டிக்கொண்டேன். அப்புறம் சும்மா இருக்கமாட்டாமல், எங்கள் ஐந்து பேர் எடையையும் சேர்த்துப் பார்த்தேன். மொத்தம் 230 கிலோ. (தனித்தனியாக எழுதினால் இந்தப் பத்தி அடுத்த வாரம் வராது என்று வீட்டில் எச்சரிக்கை.) இப்போது ஆர்.எக்ஸ். குதிரைக்கு 30 கிலோ. ஈக்கோ குதிரைக்கு 16-க்கும் குறைவு!

அதாவது, தனி ஆளுக்கு ஆர்.எக்ஸ். ஸ்போர்ட்ஸ் வண்டி. குடும்பம் ஏறிவிட்டால் ஈக்கோதான் ஸ்போர்ட்ஸ் கார்! இது கணக்கு ஸார், நான் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்த மறுவாரம் பாய் அனுப்பிய ஆள் வில்லியனூரிலிருந்து வந்தான். இருபத்திரண்டு வயசு. "அங்கிள், வண்டி பாக்கலாமா?" என்றான். வண்டியை விற்பதைவிட அந்த 'அங்கிள்' அதிகம் வலித்தது. ஆனால் அவன் வண்டியைப் பார்த்த விதம் இருக்கிறதே... சீட்டைத் தொடவில்லை. முதலில் ஆயில் டாங்க்கைத் திறந்து பார்த்தான். சரியான கைதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 95,000 ரூபாய். பேரம் இல்லை. ஃபாரம் 29, ஃபாரம் 30 எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது, "ஆயிலை மட்டும்..." என்று ஆரம்பித்தேன். "காய விட மாட்டேன் அங்கிள்" என்றான். தெரு முனை வரைக்கும் சத்தம் கேட்டது. முனை திரும்பியும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு போன் பண்ணினேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் மௌனம். திட்டப் போகிறார் என்று ரிசீவரைத் தள்ளிப் பிடித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"டேய், இங்க மாத்ரான்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. 1972, 73, 74... மூணு வருஷம் தொடர்ந்து லெ மான் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்சவன். முரேனான்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பண்ணிட்டிருந்தான். 83-ல அதை நிறுத்திட்டு, அதே ஃபாக்டரியில 84-லேர்ந்து என்ன பண்ணினான் தெரியுமா? ரெனோவுக்காக எஸ்பாஸ்னு குடும்ப வேன்! முதல் மாசம் வித்தது ஒன்பதே வண்டி. ஊரே சிரிச்சுது. அப்புறம் லட்சக்கணக்குல போச்சு. ரேஸ் ஜெயிச்சவனே வேன் பண்ணப் போயிட்டான், உனக்கென்னடா?"

"உங்களுக்குக் கோபம் இல்லையே சித்தப்பா?"

"நான் அதை உன்கிட்ட குடுத்தப்போ எனக்குப் பின்னாடி மூணு பேர் நின்னாங்க. உனக்குப் பின்னாடி யாருமில்லை. அதனாலதான் குடுத்தேன். இப்ப நீ இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டே. சரியாத்தான் போகுது, விடு" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "வாங்கினவன் ஆயில் டாங்க் பார்த்தானா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில், பிரெஞ்சுக்காரர்கள் நாளில், எங்க ஊரில் 'புஸ் புஸ்' என்று ஒரு வண்டி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு கம்பி; அதுதான் ஸ்டியரிங். ஓட்டுவது அவர். பின்னாலிருந்து தள்ளுவதற்கு ஒரு ஆள். எந்தப் பக்கம் போவது என்பதில் தள்ளுகிறவருக்கு ஓட்டுரிமை கிடையாது. குடும்பஸ்தன் என்கிற பதவியை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. நாலு சக்கரம் வாங்கினபோது கலர், ஸீட் கவர், டேஷ்போர்டுப் பிள்ளையார் எதிலும் என்னைக் கேட்கவில்லை. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் பூஜை போட்டோம். 2022 நவம்பரில் போய்விட்ட கோயில் யானை லட்சுமி இருந்திருந்தால் தும்பிக்கையால் ஓர் ஆசீர்வாதம் கிடைத்திருக்கும் என்று மகள் வருத்தப்பட்டாள்.

அன்று சாயங்காலம் "பீச்சுக்குப் போகலாம், எல்லாரும் கிளம்புங்க" என்றேன். இந்த இடத்தில்தான், முன்னால் பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த ஆள் வருகிறார். என் அம்மா.

பத்து வருஷமாக நாங்கள் பீச்சுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா ஒரே வசனம்தான் சொல்வார்: "எனக்கு முட்டி வலிடா. நீங்க போயிட்டு வாங்க. நான் தோசைக்கு அரைச்சு வெக்கறேன்." நானும் மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கும் வழக்கம்போல் அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன். "இதோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல். நல்ல புடைவை கட்டி, தலையில் பூ வைக்காத குறையாக வந்து, நடு ஸீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குள் வண்டி விட மாட்டார்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு காந்தி சிலையிலிருந்து அந்தக் கோடி வரை போனார், திரும்பி வந்தார். மூச்சு வாங்கவில்லை.

"முட்டி வலி எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"எந்த முட்டி வலி?" என்றார், சுண்டலைப் பிரித்துக்கொண்டே.

பத்து வருஷ முட்டி வலி, ஸார். மாத்திரைக்கும் தைலத்துக்கும் அடங்காத வலி. ஒரு ஸீட்டில் சரியாகிவிட்டது.

நான் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது தூரத்தில் எங்கோ ஓர் ஆர்.எக்ஸ். போகிற சத்தம். எனக்கு முன்னால் அம்மாதான் தலையைத் திருப்பினார்.

"முன்னெல்லாம் நீ தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேக்கும். அடுப்புல கல்லைப் போட்டுடுவேன். நீ செருப்பைக் கழட்டறதுக்குள்ள தோசை ரெடி. இப்ப இந்த வண்டியில நீ வர்றதே தெரிய மாட்டேங்குதேடா" என்றார்.

இப்போதெல்லாம் ஆபீஸிலிருந்து வரும்போது தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறேன். எதிர்வீட்டு வாத்தியாருக்குத்தான் ஏன் என்று புரியவில்லை. பழைய பாக்கிக்குக் கலாய்க்கிறேன் என்று நினைக்கிறார். அவரையும் ஒருநாள் தோசைக்குக் கூப்பிடணும்!